கல்மண்டபத்தில் ஈ கட்டினோம்

ஈயை ஓட்டிப் பிழைக்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஈயைக் கட்டிப் பிழைத்தவர்கள் இந்த ராயபுரம் சுற்றுவட்டாரத்திலேயே நாங்கள் நாலு பெண்கள்தான்.

சிரிக்காதீர்கள். நீலகிரி மலை ஆறுகளில் டிரவுட் என்று ஒரு மீன் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் சீமையிலிருந்து கொண்டுவந்து விட்டது. அதை மண்புழு போட்டுப் பிடித்தால் துரைமார்களுக்குக் கௌரவக் குறைச்சல். ஆற்றடியில் கிடக்கும் பூச்சிகள் அந்தந்தப் பருவத்தில் சிறகு முளைத்துக் கூட்டமாகக் கிளம்புமாம்; மீன் மேலே வந்து கவ்வுமாம். அந்தப் பூச்சியைப் போலவே பொய்ப்பூச்சி ஒன்று செய்து, கோலால் வீசித் தண்ணீர்மேல் உட்கார வைத்தால்தான் அவர்களுக்கு அது மீன்பிடிப்பு. ஒரு நெல்லளவு தூண்டில் முள்ளில் சேவல் கழுத்து இறகு, முயல் மயிர், மெழுகு தடவிய பட்டுநூல் எல்லாம் சுற்றி அந்தப் பொய்ப்பூச்சியைச் செய்தது நாங்கள். அதற்குத்தான் ஈ என்று பேர்.

கல்மண்டபத்தில் கடை வைத்திருந்த எங்கள் முதலாளி கரீம் பாய் முதலில் சேவல் இறகை மூட்டை மூட்டையாகக் கப்பலில் சீமைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். யுத்தம் வந்தது. குண்டும் துப்பாக்கியும் ஏற்றுகிற கப்பலில் கோழி இறகுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? இறகு கிடங்கில் தங்கிவிட்டது. சீமையிலிருந்து வரவேண்டிய ஈ மலைத்துரைமார்களுக்கு வராமல் நின்றுவிட்டது. பாய் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். வண்ணாரப்பேட்டை ஜைனபு அக்காவைக் கூப்பிட்டுச் சீமை ஈ ஒன்றைப் பிரிக்கச் சொன்னார். அக்கா அதை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, திரும்ப அப்படியே கட்டிக் காட்டினாள். தொழில் பிறந்துவிட்டது. அப்புறம் தண்டையார்பேட்டை குப்பம்மா வந்தாள், நான் வந்தேன், இன்னொரு பெண் வந்து வந்து போய்க்கொண்டிருந்தாள்.

கை நோக வேலை செய்து காது நோகப் பேச்சு வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பூக்கட்டுகிறவர்கள், பொத்தான் தைக்கிறவர்கள், அச்சு கோர்க்கிறவர்கள். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

வலைக்கயிறு வாங்க வந்தவர்

கடையின் முன்பக்கம் கடல்காரர்களுக்கு. வலைக்கயிறு, பெரிய முள், மிதவைக் கட்டை. பின்பக்கம் எங்களுக்கு. நடுவே ஒரு சாக்குத்திரை. நான் கட்டுமரக்காரர் மகள். அதனால் முன்பக்கம் வருகிறவர்கள் எல்லாருக்கும் என்னைத் தெரியும். எல்லாரும் திரையை விலக்கி எட்டிப் பார்ப்பார்கள்.

அப்பாவோடு கடலுக்குப் போகிற சூசை மாமா ஒரு நாள் உள்ளேயே வந்துவிட்டார். நான் கட்டி முடித்த ஈயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். திருப்பினார். மோந்து பார்த்தார். "இத்த எந்த மீனும்மே துன்னும்?" என்றார். மலையில் ஒரு மீன் என்றேன். எவ்வளவு பெரிசு என்றார். முழங்கை நீளம் என்றேன். அந்த நீளம்கூட அதில் பெரிய மீனுக்குத்தான். அன்றைக்கு அவர் வலையில் வஞ்சிரம் விழுந்திருந்தது. அந்தத் தெம்பு வேறு. நான் காலையிலிருந்து கண் பூத்துப்போகக் கட்டிய ஈயை அவர் தம் மீசைமேல் ஒட்டவைத்து, கடை முழுக்கக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போகும்போது சொன்னது: "நாங்க மீனைப் புட்ச்சி ஈயை ஓட்டிகினு கீறோம். நீ ஈயைக் கட்டி மீனை ஓட்டிகினு கீறே. ஒரே குடும்பம்மே!"

செய்வினை

இது சிரிப்பு இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கறுப்புச் சேவல் இறகு, சிவப்புப் பட்டுநூல், மேலே வெள்ளிச் சரிகை. அப்படி ஒரு ஈ மலையில் நன்றாகப் போனது. கட்டிய ஈ புடவையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது எங்களுக்கு வழக்கம். முள் அல்லவா. அப்படி ஒன்று என் முந்தானையிலிருந்து விழுந்து, பக்கத்து வீட்டு ஞானம்மா வாசலில் கிடந்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்து அவள் குழந்தைக்கு அனலாகக் காய்ச்சல். கறுப்பு இறகு, சிவப்பு நூல், இரும்பு முள். வாசலில். போதாதா? சந்து முழுக்கக் கூடிவிட்டது. "நேத்திக்கு நல்லா இருந்த புள்ளைக்கு இன்னாடி செஞ்சே?" என்று ஞானம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். பாவம், அவளுக்கு முன்னே இரண்டு குழந்தை தங்கவில்லை. அது எனக்குத் தெரியும். அதற்காக என் தலையில் கட்டலாமா? அது மீனுக்குப் போடுகிற இரை என்று தொண்டை கிழியச் சொன்னேன். கடல் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்த ஜனம். கோழி இறகு தின்கிற மீனை அவர்கள் கண்டதில்லை. என் அப்பாகூட அப்போது எனக்காக வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

யாரோ போய்ச் சொல்லி ஜைனபு அக்கா ஓடிவந்தாள். நிரூபிக்கிறேன் பேர்வழி என்று கையோடு ஒரு பெட்டியும் கொண்டுவந்தாள். சந்து நடுவே நின்று மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே வரிசை வரிசையாக அதே கறுப்பு, அதே சிவப்பு. கூட்டம் இரண்டடி பின்னால் போயிற்று. "அய்யோ, ஊருக்கே வெச்சிகினு கீறாளுங்களே!" என்று ஒரு கிழவர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் குழந்தை உடம்பில் அம்மை முத்துப் போட்டது. பத்தியம் இருந்து, தண்ணீர் ஊற்றி, நன்றாகவும் ஆகிவிட்டது. என்னிடம் ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை. அதற்குள் எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டு, வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நான் பட்டறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே நூல் சுற்றினேன். குப்பம்மா தன் ஈயைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "இதுக்கு அம்மாம் பவர் கீதுன்னா, மொதல்ல மொதலாளி பேர்ல இல்ல ஒண்ணு கட்டியிருப்போம்!"

முள் வாங்க வந்தவன்

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய வீட்டில் மாப்பிள்ளையின் பெயர் சவரிமுத்து. துறைமுகத்தில் பாரம் தூக்கும் யந்திரத்தில் வேலை. நான் அவரைப் பார்த்ததில்லை. ஒரு மாதம் கழித்து, கடைக்கு ஒருத்தர் அடிக்கடி வந்து முள் வாங்குவதாகவும், வாங்குகிற முள்ளைப் பார்க்காமல் திரையையே பார்ப்பதாகவும் குப்பம்மா சொன்னாள். கரீம் பாய் ஒரு நாள் பிடித்துக்கொண்டார். "உனக்குப் படகும் இல்ல, கட்டுமரமும் இல்ல. இவ்ளோ முள்ளை வெச்சுகினு இன்னா தம்பி பண்றே?" அப்போது வந்தவர் தம் பெயரைச் சொல்ல, எனக்கு உள்ளே கேட்டுவிட்டது. திரையை ஒரே இழுப்பாக இழுத்தேன். "செய்வினை வெக்கிறவ எப்டி கீறான்னு பாக்க வந்தியா?" என்றேன்.

"ஆமா" என்றார். "எங்கம்மா பயந்துகினாங்கோ. எனக்கும் பயமா கீதான்னு பாத்துகினு போலாம்னு வந்தேன்."

 கோபத்தில் கையிலிருந்த ஈயை அவர் முன்னால் நீட்டினேன். அவர் பாயிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். ஈயை மெல்லத் தண்ணீர்மேல் விட்டார். அது இறகை விரித்துக்கொண்டு நின்றது. குனிந்து ஊதினார், ஓடியது. திரும்ப ஊதினார். கடைக்கு வந்தவர்கள் காத்து நிற்க, அந்தப் பெரிய உடம்பு தம்ளர்மேல் கவிழ்ந்து கிடந்தது. "மெய்யாலுமே உசுரு கீற மாதிரி கீதே" என்றார். செய்வினை என்று கேட்டுக் கேட்டுப் புண்ணாகியிருந்த எனக்கு அந்த ஒரு பேச்சு போதும். ஆனால் அதோடு நிறுத்தினாரா? பெண் கேட்கிற லட்சணத்தைக் கேளுங்கள்: "மீனு ஏமாந்தா வறுத்துத் துன்னுடறாங்கோ. நான் ஏமாந்தா கண்ணாலம்தானே? பரவால்ல, ஏமாந்துக்கறேன்."

சீமைச் சரக்கு

ஒரு தேயிலைத்தோட்டத் துரை கப்பல் ஏறுவதற்காகப் பட்டணம் வந்தவர், கடையைத் தேடிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். யுத்தம் முடிந்த சமயம். பாய் கைகால் ஓடாமல் இரண்டு தட்டுகளை எடுத்துவைத்தார். முதல் தட்டைக் காட்டி "சீமைச் சரக்கு, யுத்தத்துக்கு முன்னால வந்தது" என்றார். இரண்டாவதைக் காட்டி "இது இங்கே கட்டினது, விலை குறைவு" என்றார். இரண்டு தட்டும் அன்று காலையில் நான் கட்டியவை. பசை வாசனைகூடப் போகவில்லை.

துரை முதல் தட்டு ஈ ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்து, ஏதோ தாய்நாட்டுக் கடுதாசி வந்த மாதிரிப் பெருமூச்சு விட்டார். இறகு நிற்கிற அழகு, உடம்பு மெலிகிற அழகு, முடிச்சு தெரியாத அழகு. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவர் சொன்னது எனக்குப் புரியும். திரைக்குப் பின்னால் எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் இரண்டாவது தட்டுக்கு வந்தார். ஒன்றை இரண்டு விரலால் தூக்கி, உதட்டைப் பிதுக்கி, கரீம் பாயின் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் எழுந்து வெளியே வந்து, இரண்டும் என் கைதான் என்று சொல்லப் போனேன். ஜைனபு அக்கா என் புடவையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். துரை சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "உங்கள் ஆட்கள் நன்றாகத்தான் பார்த்துச் செய்கிறார்கள், ஆனால் இந்தக் கை இருக்கிறதே, இது பரம்பரையாக வரவேண்டும்."

மே மாதத்து ஈ

சுதந்திரம் வந்த பிறகும் மலையில் மீன்பிடி சங்கத்துக் காரியதரிசியாக ஒரு துரை மிச்சம் இருந்தார். அவரிடம் சீமையில் அச்சடித்த வண்ணப்படம் ஒன்று. எந்த மாதம் எந்தப் பூச்சி கிளம்பும் என்று வரைந்தது. மே மாதத்துக்கு அதில் ஒரு பெரிய மஞ்சள் பூச்சி, பட்டாம்பூச்சி மாதிரி. அவர் அனுப்பிய அதன் பிரதியைப் பார்த்துத்தான் நாங்கள் கட்டினோம். ஒரு மே மாதம் பார்சல் முழுசாகத் திரும்பி வந்தது. மீன் ஏறெடுத்தும் பார்க்கவில்லையாம். கரீம் பாய் குதித்தார். "விரல் எல்லாம் தூங்கிச்சா? கட்டினவங்களே வந்து பதில் சொல்லுங்க!" என்று ஜைனபு அக்காவையும் என்னையும் ரயிலேற்றி மலைக்கு இட்டுக்கொண்டு போனார்.

குளிர் என்றால் எனக்கு மார்கழிக் கடற்காற்றுதான் தெரியும். இது எலும்பைத் தேடி வந்தது. பல் அடித்துக்கொள்ள ஆற்றங்கரைக்குப் போனால் காவல்காரர் தடுத்துவிட்டார். லைசென்ஸ் இல்லாதவர்கள் கரையில் நிற்கக்கூடாதாம். வருஷக்கணக்காக அந்த ஆற்றுக்கு ஈ கட்டினவர்கள் நாங்கள். அந்தத் தண்ணீரில் கால் நனைக்கக்கூட எங்களுக்கு அனுமதி இல்லை. பாலம் சர்க்கார் ரோடு என்பதால் அதில் நிற்கலாம் என்றார். நின்றோம். கீழே துரை முழங்கால் தண்ணீரில் நின்று எங்கள் மஞ்சள் ஈயை வீசிக்கொண்டிருந்தார். சாமந்திப்பூவை எறிந்த மாதிரி அது போய் விழுந்தது.

தூறிக்கொண்டிருந்த மழை ஓய்ந்து, சாயங்கால வெயில் ஆற்றின்மேல் படுத்தது. அப்போது அக்கா என் கையை அழுத்தினாள். தண்ணீரிலிருந்து ஒன்று எழுந்தது. சட்டையைக் கழற்றுவதுபோல் எதையோ கழற்றிப் போட்டுவிட்டு, சிறகை நிமிர்த்தி ஒரு நொடி மிதந்து, பறந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஆறு முழுக்க. சாம்பலைத் தூவிய மாதிரி காற்றெல்லாம் பூச்சி. கீழே மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் எங்கும் வட்டம் வட்டமாக. நான் அழுதேனா என்று தெரியவில்லை. மூக்கு ஒழுகியது, அது குளிராகவும் இருக்கலாம். இத்தனை நாள் எதைக் கட்டுகிறோம் என்று தெரியாமலே கட்டியிருக்கிறோம். அத்தனையும் சின்னஞ்சிறு பூச்சிகள். அந்தக் கூட்டத்தில் மஞ்சள் என்று மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

அக்காவின் வெள்ளைத் துப்பட்டியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதைத் தீப்பெட்டியில் பிடித்துப் பாலத்தின் மேலிருந்து துரையைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் பூச்சியைப் பார்த்தார். தம் படத்தைப் பார்த்தார். மறுபடி பூச்சியைப் பார்த்தார். "இது மே மாதத்தில் வரக்கூடாது" என்றார், பூச்சியிடமே சொல்வதுபோல்.

சாட்சியாக எடுத்துவந்த பூச்சி பட்டணம் வருவதற்குள் தீப்பெட்டியில் நசநசவென்று ஆகிவிட்டது. என்ன நிறம் என்று சண்டை. நான் சாம்பல் என்றேன். அக்கா பாசிப்பச்சை என்று சத்தியம் பண்ணினாள். பூச்சி கிளம்பிய சமயத்தில் ரோட்டோரம் பீடி பிடித்துக்கொண்டிருந்த கரீம் பாய், தீப்பெட்டியில் ஒட்டியிருந்த கறையைக் காட்டி, காப்பிக்கொட்டை நிறம் என்றார். மூன்று நிறத்திலும் சின்னதாகக் கட்டி அனுப்பினோம். பதில் வந்தது: சாம்பலையும் பச்சையையும் மீன் தொடவில்லை, காப்பிக்கொட்டை பிரமாதம், இன்னும் அனுப்பவும். எனக்கும் அக்காவுக்கும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பாய் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார்: "ஆத்தைப் பாத்தது அவங்க, மீனோட மனசைப் பாத்தது நானு!"

சைவ ஈ

துரைமார்கள் போன இடத்துக்கு நம் அதிகாரிகள் வந்தார்கள். கூடவே துரைமார்கள் விட்டுப்போன தூண்டில் கோலும் அவர்கள் கைக்கு வந்தது. ஒரு பெரிய அதிகாரி, சுத்த சைவம், கடை வாசலில் காரை நிறுத்தி உட்கார்ந்தபடியே கேட்டார். மலைக்கு மாற்றலாகியிருக்கிறதாம். அங்கே மீன் பிடிக்காவிட்டால் ஒருவரும் மதிக்கமாட்டார்களாம். ஆனால் கோழி இறகு, முயல் மயிர் எதுவும் அவர் கையில் படக்கூடாது. பஞ்சில் கட்டித் தரமுடியுமா?

பஞ்சு தண்ணீர் குடித்து மூழ்கும் என்றேன். வாழைநார்? முயன்றோம், விறைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் பட்டுநூலிலேயே முழுக்கச் சுற்றிக் கொடுத்தேன். பட்டு எதிலிருந்து வருகிறது என்று குப்பம்மா வாயைத் திறக்கப்போனாள், காலை மிதித்தேன். சரி, பிடித்த மீனை என்ன செய்வார் என்றாவது தெரிந்துகொள்ளலாமே என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சிவ சிவா, மீனை நான் தொடுவேனா? பிடிக்கிறதோட சரி."

குப்பம்மாவின் காது

பாய் தூண்டில் கோலும் விற்கத் தொடங்கியிருந்தார்; வாங்குகிற கோலைக் கடை வாசலிலேயே வீசிப் பார்ப்பது சிலருக்கு வழக்கம். வேண்டாம், ஜனம் நடமாடுகிற இடம் என்று பாய் கெஞ்சுவார். கோட்டு போட்ட ஒரு வாலிபர், கம்பெனியில் பெரிய உத்தியோகம், கேட்கவில்லை. ஈ மாட்டிய கோலைப் பின்னால் ஓங்கினார். சரியாக அந்த நேரம் குப்பம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அவர் முன்னால் வீசினார். அவள் அலறினாள். குடம் உடைந்தது. ஈ அவள் காது மடலில், கம்மலுக்கு மேலே, முள் முழுக்க உள்ளே. நூலை அவர் இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தார்!

நான் ஓடிப்போய்ப் பல்லால் நூலைக் கடித்து அறுத்தேன். ரத்தம் கழுத்தில் ஓடியது. அந்த முள்ளை வந்த வழியே இழுக்கமுடியாது. முனையில் எதிர்முள் உண்டு, சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். அவள் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போது அந்த வாலிபர் கிட்டே வந்து, குனிந்து பார்த்து, "மெதுவா எடும்மா, இறகு கசங்கிடப் போறது" என்றார்.

பிறகு என்ன நடந்தது என்று எனக்கே ஒழுங்காகச் சொல்ல வராது. ஜைனபு அக்கா அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அவள் வாசலுக்கு வந்து, அந்த வாலிபரின் கார்க் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள். நான் இந்தப் பக்கம். எங்களில் நாலாவது பெண் உள்ளேயிருந்து ஓடிவந்து முன்னால். வலைக்கயிறு வாங்க வந்தவர்களும் கயிற்றோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். கரீம் பாய், வாடிக்கையாளர், வாடிக்கையாளர் என்று கையைப் பிசைந்தார். "வாடிக்கையா? காதுல தொங்கிகினு கீது பாருங்க உங்க வாடிக்கை!" என்றாள் அக்கா. "இவளை இட்டுகினு போயி, எடுத்து, மருந்து போட்டு, இங்கியே கொண்டாந்து வுடு. அப்பால கோலு தரேன்." எப்போது பிடுங்கினாளோ, கோல் அவள் கையில் இருந்தது.

பாய் அந்த வாலிபரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு தாமே போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டார். பாயின் மரியாதை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குப்பம்மா பின்சீட்டில் தனியாக, நிமிர்ந்து, காதில் ஈயோடு, ராணி மாதிரி போனாள். கல்மண்டபம் முழுக்க நின்று பார்த்தது. அவள் திரும்பி வருகிறவரை நாங்கள் யாரும் நூலைத் தொடவில்லை.

சாயங்காலம் காதில் கட்டோடு வந்து இறங்கினாள். வாலிபர் கோலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வலிக்கிறதா, என்ன செய்தார்கள் என்று நாங்கள் மாற்றி மாற்றிக் கேட்டோம். அவள் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "இன்னா கட்ச்சிதுன்னு டாக்டர் கேட்டாரு. ஈன்னேன். எந்த ஈன்னாரு. நான் கட்டின ஈன்னேன். அவ்ளோதான், பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதக் குந்திக்கினாரு!"

இத்தனை வருஷத்தில் ஈயைச் செய்வினை என்றவர்களும், கைக்குப் பரம்பரை இல்லை என்றவர்களும், காதைவிட இறகு பெரிசு என்றவர்களும் வந்து போனார்கள். எங்கள் ஈயால் உயிரையே விட்ட அந்த மலை மீன்கள் மட்டும்தான் எங்களை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.